பட்டியலில் பேர் இல்லை

பள்ளிவாசல் எஸ்டேட்,
தை 12, 2025

எய்யா ராஜசேகருக்கு அப்பத்தா வேலுத்தாய் எழுதுதேன். நான் நல்லா இருக்கேன். முழங்கால் மட்டும் மழைக்கும் வெயிலுக்கும் ஒரே மாதிரி வலிக்குது, அதை விடு. நீ சொகமா? வேளைக்குச் சாப்பிடுதியா?

போனை நீ ஞாயித்துக்கிழமைதான் எடுக்கே. எடுத்தாலும் இங்க லயத்து வரிசை வீட்டுக்குள்ள டவர் நிக்க மாட்டேங்கு, பாதிக்கு மேல காத்துதான் கேக்கு. அதனால எழுதுதேன். எழுதினா நீயும் பின்னால "நான் அப்படிச் சொல்லலையே அப்பத்தா"ன்னு மாத்த முடியாது பாரு. உன் அம்மா போய்ச் சேர்ந்த பெறகு உங்கப்பன் திருப்பூருக்குக் கிளம்பினப்போ, "மாசாமாசம் வந்து பிள்ளையைப் பாப்பேன்"னு வாயாலதான் சொல்லிட்டுப் போனான். அவன் பேரை நான் இதுல எழுத மாட்டேன்.

நீ அனுப்பின கம்பளி வந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரி தொட்டுத் தொட்டுப் பாத்தா. பேரன் பாலக்காட்டுப் பக்கம் மருந்துக் கம்பெனியில கெமிஸ்டுன்னு சொன்னேன். உடனே, "எந்த நோய்க்கு மருந்தாம்?"ன்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல. சிரிச்சா. ரேஷன் கடையில என் கார்டு கீழ விழுந்தப்போ சிரிச்ச அதே சிரிப்பு. எந்த நோய்க்குன்னு ஒரு வரி எழுதிப் போடு. அவ மூஞ்சிக்கு நேரா சொல்லணும்.

அங்க வெயில் கடுமையாம். மோர் குடி. உச்சந்தலையில எண்ணெய் வை.

உன்னைய நெனைச்சுக்கிட்டே இருக்கிற
அப்பத்தா வேலுத்தாய்

✦

கொழிஞ்சாம்பாறை,
9.2.2025

அப்பத்தாவுக்கு ராஜசேகரின் வணக்கம். நான் நல்லா இருக்கேன். முழங்காலுக்குத் தைலத்தைச் சூடு பண்ணித் தேய், பச்சையாத் தேய்க்காதே.

நாங்க செய்யிறது நோய்க்கு மருந்து இல்லை அப்பத்தா. ஆராய்ச்சி பண்ற லேபுக்கு அனுப்புற கெமிக்கல். பாக்கெட் மேலேயே 'மனிதர் உட்கொள்ள அல்ல'னு அச்சடிச்சிருக்கும். பக்கத்து வீட்டு அக்காகிட்ட 'ஆராய்ச்சி'னு சொல்லு, வாயை மூடிக்குவாங்க.

ஓனர் பூபதிராஜா ரொம்ப மரியாதையான ஆள். என்னைவிட எவ்வளவோ மூத்தவரு, ஆனாலும் "ஏனுங்க தம்பி"ன்னுதான் கூப்பிடுவாரு. தென்னந்தோப்புக்கு நடுவுல ஷெட். தங்குறதும் உள்ளேயே. செய்முறை வெளிய போயிடக்கூடாதுன்னு போனை கேட்ல வாங்கி வச்சுக்குவாங்க. என் கூட ஜோஜோன்னு ஒருத்தன், நெல்லியாம்பதிக்காரன். அவனும் எஸ்டேட் பிள்ளைதான். நல்லாப் பாடுவான்.

நீ பயப்படுற மாதிரி எதுவும் இல்லை. எல்லாம் சட்டப்படி. இன்னின்ன போதைச் சாமானைச் செய்யக்கூடாது, விக்கக்கூடாதுன்னு கவர்மென்ட் ஒரு பட்டியல் வச்சிருக்கு. மாசம் ஒருதரம் வக்கீல் வந்து அதைப் படிச்சுக் காட்டுவாரு. நாங்க செய்யிறதோட பேர் அந்தப் பட்டியல்ல இல்லை.

உடம்பைப் பாத்துக்கோ.
ராஜசேகர்

✦

பள்ளிவாசல்,
மாசி 6

எய்யா, அப்பத்தா எழுதுதேன். நீ சொன்னபடி தைலத்தைச் சுட வச்சேன், கை பொத்துப்போச்சு. வேற குறை ஒண்ணும் இல்ல. உனக்கு இருமல் கிருமல் இல்லையே?

'பட்டியல்ல பேர் இல்லை'ன்னு எழுதியிருக்கே. அந்த வார்த்தையை நான் ரெண்டாம் தடவையாக் கேக்குதேன். முதல்ல கேட்டப்போ உங்கப்பன் என் இடுப்புல இருந்தான்.

உங்க தாத்தா கருத்தப்பாண்டி தேயிலைக்கு மருந்தடிக்கிற ஆளு. நீ அவுகளைப் பாத்ததில்ல, போட்டோவுலதான் பாத்திருக்கே. அந்த வருசம் புது மருந்து வந்துச்சு, டின்னு மேல கிளி படம். துண்டை மூக்குல கட்டிக்கிட்டு அடிப்பாக. வேலை முடிஞ்சதும் விசம் முறியட்டும்னு ஆளுக்கொரு வெல்லக்கட்டி குடுப்பாக. ஆவணியில ஒருநா வீட்டுக்கு வந்து, அந்த வெல்லத்தை உங்கப்பன் வாயில வச்சுட்டு, வாசப்படியில உக்காந்தாக. எந்திரிக்கல. வாயில நுரை.

விசாரணைக்கு ஆபீசர் வந்தாரு. ஸ்டோர் கீப்பர் சுவக்கீன் எந்திரிச்சு நின்னு, "விசம்னு கவர்மென்ட் போட்ட பட்டியல்ல இந்த மருந்து பேர் இல்லீங்க"ன்னான். எஸ்டேட் துரையும் அதையே இங்கிலீசுல சொன்னாரு. முடிஞ்சுபோச்சு. மறு வருசம் வேற எஸ்டேட்லயும் ஆளு விழுந்த பெறகுதான் பட்டியல்ல ஏத்துனாக. பட்டியல் போடுறவுக பொணத்தைப் பாத்துட்டுத்தான் பேனாவை எடுப்பாக போல. அப்புறம் என்ன ஆச்சு? மயில் படம் போட்ட டின்னு வந்துச்சு. மூடியைத் திறந்தா அதே வாடை.

சுவக்கீன் இப்பவும் மேல் லயத்துல இருக்கான். அன்னையில இருந்து அவன்கூட ஒரு வார்த்தை பேசினதில்ல. அவன் பொண்டாட்டி செத்தப்பக்கூட வாசல் வரைக்கும் போய், வாய் திறக்காம திரும்பி வந்தேன்.

பட்டியல்ல இல்ல, சரி. அதைத் தின்னா என்ன ஆகும்? அதை எழுது.

கோவிலுக்கு உன் பேர்ல எண்ணெய் குடுத்திருக்கேன்.
வேலுத்தாய்

✦

கொழிஞ்சாம்பாறை,
16.3.2025

அப்பத்தாவுக்கு வணக்கம். நலம். கையைச் சுட்டுக்கிட்டதுக்கு என் மேல பழி போடாதே.

அது வேற, இது வேற அப்பத்தா. கேளு. மார்கழியில நாங்க செஞ்சுக்கிட்டிருந்த சாமானைப் பட்டியல்ல சேத்துட்டாங்க. அன்னிக்கே நிறுத்திட்டோம், பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்துட்டோம். பூபதிராஜா சார் அடுத்த வாரமே புது மூலக்கூறு வரைபடம் கொண்டுவந்தாரு. ஒரு மூலையில சின்னத் துண்டை எடுத்துட்டு வேற துண்டை ஒட்ட வைக்கணும், அவ்வளவுதான். வீட்டுக்கு ஒரு ஜன்னலை மாத்துற மாதிரி. வேற பொருள், வேற பேர். சட்டத்தை மதிக்கிறதனாலதானே மாத்துறோம்?

தின்னா என்ன ஆகும்னு கேட்டே. பெங்களூர், கொச்சிப் பக்கம் பசங்க பார்ட்டிக்கு வாங்குறாங்கன்னு கேள்வி. தூக்கம் வராதாம், சந்தோஷமா இருக்குமாம். அது அவங்க இஷ்டம், பாக்கெட்ல உட்கொள்ளாதேன்னு போட்டிருக்கு. புதுசா ஒண்ணு செஞ்சா அது வேலை செய்யுதான்னு பாக்கணுமில்ல, அதை ஜோஜோ செய்யிறான். நம்ம பாக்டரியில டீ ருசி பாக்கிற ஆள் இருக்காங்கல்ல, அதே மாதிரி உத்தியோகம். கொஞ்சமா வாயில போட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுவான், நான் எழுதிக்குவேன்.

இப்பல்லாம் அவன் பாடுறதில்லை. விடாமப் பேசிக்கிட்டே இருக்கான். புதுசு ஒத்துக்கலை போல.

வேலை நெறைய. அடிக்கடி எழுத முடியாது.
ராஜசேகர்

✦

பள்ளிவாசல்,
பங்குனி 10

எய்யா, நான் இருக்கேன். நீ எப்படி இருக்கேன்னு இந்தத் தடவை ஒப்புக்குக் கேக்கல, நெசமாவே கேக்குதேன்.

டீ ருசி பாக்கிறவரை நான் பாத்திருக்கேன். கோப்பையை வரிசையா வச்சிருப்பாக. கரண்டியில எடுத்து சர்ருனு உறிஞ்சி, வாய்க்குள்ள சுத்தி, பக்கத்துல இருக்கிற தொட்டியில துப்பிருவாரு. ஒரு சொட்டு முழுங்க மாட்டாரு.

ஜோஜோ துப்புறானா?

அவன் படுத்துட்டா அந்த இடத்துல யாரு உக்காருவா? பெட்டியைக் கட்டிக்கிட்டு வா. மூணாறுல ரிசார்ட்டுக்கு ஆளு கேக்காக. படிச்ச படிப்பு வீணாப் போகட்டும், பரவால்ல.

பதிலுக்குப் பதிலா நீயே வந்து நிக்கணும்.
வேலுத்தாய்

✦

பள்ளிவாசல்,
வைகாசி 8

தேவிகுளம் எக்சைஸ் ஆபீஸ் ராஜாராமன் சாருக்கு வேலுத்தாய் வணக்கம் சொல்லி எழுதுதேன். நீங்களும் உங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்கணும். போன வாரம் உங்க ஆபீஸ் பெஞ்சுல உக்காந்து அழாம பேசின கெழவி நான்தான். டீ வாங்கிக் குடுத்தீங்க. வாயால சொன்னது போதாது, எழுதிக் குடுங்கன்னு சொன்னீங்க. எழுதியிருக்கேன்.

என் பேரன் ராஜசேகர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பூபதிராஜாங்கிறவரோட ஷெட்டுல போதைச் சாமான் செய்யுதான். பட்டியல்ல பேர் ஏறிச்சுன்னா கொஞ்சம் மாத்தி வேற பேர்ல செய்வாகளாம். பங்குனிக்கு அப்புறம் அவன்கிட்ட இருந்து கடுதாசி இல்ல. ஞாயித்துக்கிழமை போனும் இல்ல.

சித்திரை கடைசியில வெள்ளை ஜீப்புல ரெண்டு பேரு வந்தாக. முதலாளி குடுத்துவிட்டதுன்னு ஒரு சேலை. கிளம்பும்போது ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே, "பாட்டி, ஜோஜோ துப்புறானான்னு கேட்டீங்களாமே? அவன் ஊருக்குப் போயிட்டான். இப்ப உங்க பேரன்தான் ருசி பாக்கிறாரு"ன்னான்.

அது நான் பேரனுக்கு மட்டும் எழுதினது சார். என் கடுதாசியைப் பிரிச்சுப் படிக்காக. அதுக்கு முந்தினதைப் படிச்சிருக்க மாட்டாகன்னு நெனைக்குதேன், அதுக்கெல்லாம் பேரன் ஒழுங்காப் பதில் போட்டிருக்கான். இனிமே வேற மாதிரி எழுதிக்கிடுதேன்.

நீங்க போய் அவுகளைப் பிடிங்க. என் பேரன் உசிரோட வேணும்.

வேலுத்தாய்

✦

தேவிகுளம்,
2.6.2025

அம்மா, நமஸ்காரம். முழங்கால் வலியோடு மலையேறி வந்தீர்கள். இப்போது எப்படி இருக்கிறது? உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

பாலக்காட்டில் என்னுடன் வேலை பார்த்தவரிடம் விசாரித்தேன். அந்த ஷெட்டை முன்பே ஒருமுறை சோதனை போட்டிருக்கிறார்கள். பொட்டலத்தை லேபுக்கு அனுப்பினார்கள். 'பட்டியலில் உள்ள பொருள் எதுவும் இதில் இல்லை' என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பேர் இல்லாத பொருளுக்கு வழக்கு எழுத எனக்கு அதிகாரம் இல்லை அம்மா. இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பட்டியலில் சேர்க்கச் சொல்லி மேலே எழுதலாம். அதற்கு இரண்டு வேண்டும்: இப்போது செய்கிற சரக்கில் கொஞ்சம், அதைச் சாப்பிட்டு உடம்பு கெட்ட ஒருவர், டாக்டர் கையெழுத்தோடு. பேர் ஏறிய நாளிலிருந்துதான் அது குற்றம். அதற்கு முன்னால் செய்ததற்குச் சட்டம் பின்னால் போகாது. ஆனால் ஏறிய பிறகும் உங்கள் பேரன் அந்த ஷெட்டில் நின்றால், ஓனர் தப்பித்துக்கொண்டாலும் சரக்கு செய்த கை அவனுடையது. அதற்கு முன்னால் எப்படியாவது அவனை வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

இந்தக் கடைசி வரியை ஆபீசராக எழுதவில்லை.
ராஜாராமன்

✦

பள்ளிவாசல்,
ஆனி 1

எய்யா ராஜசேகருக்கு அப்பத்தா ஆசீர்வாதம். சேலை ரொம்ப நல்லா இருக்கு, முதலாளிகிட்டச் சொல்லு. அவரு மாதிரி ஒரு ஆளு கிடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும். முந்தி நான் ஏதேதோ எழுதிட்டேன், மனசுல வச்சுக்காதே.

உங்க தாத்தாவுக்குத்தான் உடம்புக்கு முடியல. படுத்த படுக்கையா இருக்காக. கஞ்சி இறங்கல. கண்ணு முழிச்சா, "ராஜசேகரு வந்துட்டானா?"ன்னுதான் கேக்காக. முதலாளிகிட்டச் சொல்லி லீவு வாங்கிட்டு வா. தாத்தாவைப் பாக்கணும்னு சொல்லு. அவுக எப்படி இருக்காகன்னு உனக்குத் தெரியாதா? உனக்குப் புரியும்.

மழை விடாமப் பெய்யுது. குடை கொண்டுவா.
அப்பத்தா

✦

20.7.2025

அப்பத்தா தாத்தாவுக்கு உடம்பு சரியில்லைன்னு படிச்சதுல இருந்து அழுதுக்கிட்டே இருக்கேன். ஏன் முன்னாடியே சொல்லலை. காலையில பிரட்டுக்களத்துல வேலைக்குப் பேர் கூப்பிடுறப்ப என்னைத் தோள்ல வச்சுக்கிட்டு நிப்பாருல்ல, என் ரெண்டு காலையும் நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு. அந்தத் துண்டு வாடை இப்பவும் வருது. இங்க உக்காந்தா வருது. எனக்கு வெல்லம் குடுப்பாரு. நான் வர்றேன்னு சொல்லு. தூங்க வேண்டாம்னு சொல்லு, தூங்கினா நான் வந்தது தெரியாது. நானும் தூங்கறதில்ல. ஜோஜோ ஊருக்குப் போகலை அப்பத்தா அவன் இங்கதான் சுவத்துக்குப் பின்னால பாடுறான் தாத்தாகிட்டக் கேளு அவருக்குத் தெரியும்

(கீழே வேறு கையெழுத்தில்)

அம்மாவுக்குப் பூபதிராஜா வணக்கமுங்க. நல்லா இருக்கறீங்களா? தம்பி எழுதினதை அப்படியே அனுப்பறேனுங்க. பெரியவரு எப்பவோ தவறிப்போனதை நீங்க மாசி மாசமே எழுதியிருந்தீங்க, கிளி டின்னு சமாச்சாரம். நானும் படிச்சுப்போட்டு வருத்தப்பட்டேனுங்க. தம்பிக்குத்தான் நெனப்பு தங்க மாட்டேங்குது. நாங்க எடுத்துச் சொல்லலீங்க, பாவம்.

பெரியவரைப் பாக்கோணும்னு ஒரே பிடிவாதம். வேலையும் ஓட மாட்டேங்குது. ஊட்டுல ஒரு மாசம் இருந்துட்டு வரட்டுமுங்க, ஜீப்புல அனுப்பி வைக்கறேன். எந்த ஆஸ்பத்திரியில வேணும்னாலும் ரத்தம் எடுத்துப் பாத்துக்குங்க, ஒண்ணும் காட்டாதுங்க.

அப்புறமுங்க, உங்க லயத்துல படிச்சுப்போட்டு வேலையில்லாத பசங்க நெறைய இருக்காங்களாமே. தம்பி எடத்துக்கு ஆள் வேணுமுங்க. முழங்காலைப் பாத்துக்குங்க.

✦

பள்ளிவாசல்,
ஆடி 22

ராஜாராமன் சாருக்கு வேலுத்தாய் எழுதுதேன். நீங்க சொகமா இருக்கணும். இருந்தாத்தான் நீங்க கிளம்பி வர முடியும்.

பேரன் வந்துட்டான். ஜீப்புல இருந்து இறங்கினதும் என்னைப் பாக்கல, உள்ள ஓடி, "தாத்தா எங்க?"ன்னான். செத்துட்டாகன்னு சொன்னேன். சுவத்துல முட்டிக்கிட்டு அழுதான். சாயங்காலம் திரும்பக் கேட்டான். திரும்பச் சொன்னேன். புதுசாக் கேக்கிற மாதிரியே அழுதான். இப்பல்லாம் மருந்தடிக்கப் போயிருக்காக, வருவாகன்னு சொல்லிருதேன். வாசப்படியில உக்காந்து காத்துக்கிட்டு இருக்கான். தாத்தா படுக்கையில கிடக்காகன்னு பொய் எழுதித்தான் வரச் சொன்னேன். அவுக செத்த கதையை அந்த முதலாளி என் கடுதாசியில முந்தியே படிச்சிருப்பான்னு என் புத்திக்கு எட்டல. ஆனா பேரன் வந்ததும் அந்தப் பொய்யாலதான்.

ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாக. ஒண்ணுமில்லன்னு சீட்டு வந்துச்சு. டாக்டரம்மா அந்தச் சீட்டையும் பாத்தாக, இவனையும் பாத்தாக. "மெஷின் தனக்குத் தெரிஞ்ச பேரைத்தான் தேடும் பாட்டி. இவன் தலைக்குள்ள என்ன கெட்டிருக்குன்னு நான் எழுதித் தாரேன்"னு சொல்லி, சீல் வச்சுக் குடுத்துட்டாக.

அவன் பேண்டைத் துவைக்கையில இடுப்பு மடிப்புக்குள்ள ஒரு பொட்டலம் இருந்துச்சு. வெள்ளையா, உப்பு மாதிரி. கையில படாம எடுத்து வச்சிருக்கேன். நீங்க கேட்ட ரெண்டும் இப்ப இந்த வீட்டுக்குள்ள இருக்கு சார். சாமானும் இருக்கு, தின்னவனும் இருக்கான். உசிரோட இருக்கான். என் வீட்டுக்காரருக்கு மாதிரி பொணம் விழுந்த பெறகு பேரை ஏத்தாம, இந்தத் தடவையாவது மூச்சு விடுறவனைப் பாத்து எழுதச் சொல்லுங்க. அவன் தின்னவன் மட்டும் இல்ல, செஞ்சவனும் அவன்தான். அதையும் சேத்து எழுதிக்கோங்க, நான் மறைக்கல. அவனைப் பூட்டி வைக்கணும்னாலும் வைங்க. பேரை ஏத்துங்க.

நேத்து ஜீப் வந்துச்சு. ஒரு மாசம்னு சொன்னவுக, மாசம் ஆகல. கீழ் லயத்துப் பையங்க ரெண்டு பேரு சர்ட்டிபிகேட்டைக் கவர்ல போட்டுக்கிட்டு ஏறிப் போனாங்க. ஏறாதீகன்னு கத்தினேன். "பேரன் வேலை போன வயித்தெரிச்சல் கெழவிக்கு"ன்னு அவுக ஆத்தாமார் என்னைத்தான் திட்டினாக. எல்லார் வீட்லயும் புதுச்சேலை. வண்டியில வந்தவன் என் வாசல்ல நின்னு, "தம்பி வரும்போது எதாச்சும் எடுத்துக்கிட்டு வந்தாரா பாட்டி?"ன்னு கேட்டான். இல்லைன்னேன். சரி, நாளைக்கு வந்து தம்பியைக் கூட்டிட்டுப் போறோம், அப்படியே வீட்டையும் பாத்துட்டுப் போறோம்னான்.

போன்ல சொல்லலாம்னா டவர் இல்ல. தபால்ல போட எனக்கு நம்பிக்கை இல்ல. மேல் லயத்து சுவக்கீன் ஜன்னலுக்கு வெளியில நிக்கான், அவன் கையிலதான் குடுத்து விடப் போறேன். என் வீட்டுக்காரர் சாவுல கம்பெனிக்குச் சாட்சி சொன்னவன். அவனை நான் மன்னிக்கல. ஆனா கிளி டின்னு, பேர் மாத்தி வந்த மயில் டின்னு, ரெண்டையும் திறந்து அதே வாடையை மோந்தவன் அவன்தான், அதனால அந்த ஜீப்புல அவன் ஏற மாட்டான். "தேவிகுளம்"னு மட்டும் சொன்னேன். தலையாட்டினான். அது போதும் எங்க ரெண்டு பேருக்கும்.

கதவைப் பூட்டிச் சாவியை மடியில வச்சுக்கிட்டு எழுதுதேன். பேரன் காலையில இருந்தே செருப்பைப் போட்டுக்கிட்டு கதவுகிட்ட நிக்கான், வண்டி வருமாம், வேலைக்குப் போகணுமாம். நீங்க வந்தா ஹாரன் அடிக்காதீங்க, ஹாரன் கேட்டா இவன் கதவை இடிப்பான். நடந்து வந்து உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. உங்க குரல் எனக்கு நல்லா நெனப்பிருக்கு. அதுக்கு மட்டும்தான் திறப்பேன்.

கீழ வளைவுல இப்ப ஒரு ஜீப் சத்தம் கேக்குது. பேரன் சிரிக்கான். அது நீங்களா இருக்க முடியாது சார். இந்தக் கடுதாசி இன்னும் என் கையிலதான் இருக்கு.

வேலுத்தாய்